சவலைப் பிள்ளை

சவலை என்ற சொல்லை இன்றைய இளந்தாய்மாரிடம் சொன்னால் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக, முடி செம்பட்டை பாய்ந்து, எதற்கெடுத்தாலும் சிணுங்கிக்கொண்டு, திண்ணைத் தூணைப் பிடித்தபடி ஒரு பிள்ளை நிற்கும். அதன் தாய் மடியில் அடுத்த பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும். தூணைப் பிடித்து நிற்பதுதான் சவலை. தாய்ப்பால் போதாமல் மெலிந்த குழந்தை என்று அகராதி சொல்கிறது. யாப்பிலக்கணக்காரர்களும் இந்தச் சொல்லை விட்டுவைக்கவில்லை. வெண்பாவின் இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் நின்றுபோனால் அதற்குச் சவலை வெண்பா என்று பெயர். ஒரு சீர் குறைந்த பாட்டுக்கு உவமையாகும் அளவுக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்கு வீடு இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இது நமக்கு மட்டும் உள்ள சொல் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா என்கிறோமே, அந்த நாட்டில் 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் வேலை பார்த்தார். பால் மறந்த குழந்தைகள் உடம்பு வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சாவதைப் பார்த்து, 1935ல் லான்செட் மருத்துவ இதழில் அந்த நோயைப் பற்றி எழுதினார். குவாஷியோர்க்கர் என்று அதற்குப் பெயர் கொடுத்தார். அது அவர் உண்டாக்கிய பெயரல்ல. அந்த ஊர்ப் பெண்கள் கா மொழியில் சொன்னது. அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் பறிபோன மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். கடல் கடந்த அந்த ஊர்ப் பெண்களும் நம் கரிசல் காட்டுப் பெண்களும் ஒரே பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் பால் மறக்கடிப்பதற்குச் செவ்ரே என்ற சொல். பிரித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் வீன் என்கிறார்களே, அதன் பழைய பொருள் பழக்குதல். நாம் மறக்கடித்தல் என்கிறோம். பிரிப்பது, பழக்குவது, மறக்கவைப்பது என்று மூன்று ஊர்க்காரர்கள் மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள். இதில் ஆங்கிலச் சொல்தான் சரியான வழியைக் காட்டுகிறது என்பது என் கட்சி. பால் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்க, சோற்றுக்குப் பழக்க வேண்டும். நம் ஊர் வழக்கமோ, அடுத்தது வயிற்றில் தங்கியது தெரிந்தவுடன் மார்பில் வேப்பிலையை அரைத்துத் தடவி, ஒரே நாளில் மறக்கவைப்பது. கர்ப்பிணியின் பால் கெட்ட பால் என்று நம்பினார்கள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் பிள்ளை சோறு தின்னப் பழகியிருந்ததா என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் எப்போதுமே நாம் அப்படி இருந்தோம் என்று சொல்லமாட்டேன். சாட்சி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியைப் பக்தியோடு படிக்கிறவர்கள் பலர். பிள்ளை வளர்க்கும் நூலாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தாலாட்டில் தொடங்கி, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று குழந்தை மாதக் கணக்கில் வளர்ந்துகொண்டே போகிறது. தளர்நடையும் தாண்டி, பிள்ளை ஓடியாடத் தொடங்கிய பிறகுதான் யசோதை அவனைப் பால் குடிக்க எழுப்பும் பதிகம் வருகிறது. அதற்குச் சற்றுப் பின்னால், குளிக்க வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைத் தின்பண்டம் காட்டிக் கூப்பிடுகிறாள். இன்னும் கொஞ்சம் தள்ளி, அயல்வீட்டுப் பெண்கள் முறையிட வருகிறார்கள். நோன்புக்காக அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் நெய்யும் பாலும் சேர்த்துச் செய்துவைத்ததை உன் பிள்ளை தின்று தீர்த்துவிட்டான் என்று ஒருத்தி புகார் சொல்கிறாள். இன்னொருத்தி வீட்டில் லட்டும் சீடையும் எள்ளுருண்டையும் போய்விட்டன. இவ்வளவும் ஆன பிறகு, மூன்றாம் பத்தின் தொடக்கத்தில்தான், உன் சேட்டையெல்லாம் தெரிந்துவிட்டது, இனிப் பால் கொடுக்கப் பயமாயிருக்கிறது என்று யசோதை சொல்கிறாள்.

வரிசையைக் கவனியுங்கள். லட்டும் பொங்கலும் தின்னத் தெரிந்த பிள்ளைக்கும் பால் நிற்கவில்லை. சோறு பாலின் இடத்தைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான்: 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டு உணவு சேர்த்து, 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால். பால் என்பதற்கு ஆழ்வார் போடும் சொல் அம்மம். நாம் பிள்ளைக்குச் சோறு காட்டி மம்மம் என்று சொல்வது அதன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். குழந்தை மொழியில் பாலுக்கும் சோற்றுக்கும் நடுவே வேலி கிடையாது. ராஜபாளையத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ் வீட்டில் பப்பு மம்மம் என்றால் குழந்தைப் பேச்சு. தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டில் பெரியவர்களுக்கும் பருப்பு பப்புதான்.

ஆழ்வாருக்குப் பல நூற்றாண்டு முன்னாலும் சங்கப் பாட்டில் ஒரு குழந்தை சோற்றில் கைவிட்டு அளைகிறது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டு அது. அவன் அரசன், அதனால் அவன் வீட்டுப் பிள்ளை நெய் விட்ட சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. வள்ளுவரும் மக்கட்பேற்றில் அதே சின்னக் கையைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் அவர் கலத்தில் இருப்பது கூழ். எனக்கு வள்ளுவர் வீடு நெருக்கமாகத் தெரிகிறது.

நம் பக்கத்துக் கூழ் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பும் கேப்பையும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த பூமி இது. பிள்ளைக்கென்று தனியாகச் செய்வதென்றால் கேப்பையை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் ஆட்டி, வேட்டித் துணியில் வடிகட்டி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுவார்கள். விவரம் தெரிந்த வீட்டில் முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்கள். அதில் உள்ள சூட்சுமம் எனக்குப் பின்னால் படித்துத்தான் தெரிந்தது. 7 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு நேரத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும், ஒரு டம்ளர். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால் பிள்ளையால் விழுங்க முடியாது. விழுங்கட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் டம்ளர் நிறைந்துவிடும், வயிறும் நிறைந்துவிடும், உள்ளே போன தானியம் ஒரு கரண்டிகூட இருக்காது. முளைகட்டிய தானியத்தில் உண்டாகும் ஒரு பொருள் மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். அதே டம்ளரில் அதிக மாவு போடலாம், பிள்ளையும் விழுங்கும். பருப்பும் நெய்யும் சேர்ப்பதும் அதே கணக்குத்தான்: கொஞ்ச இடத்தில் நிறையச் சத்து.

6 மாதத்துக்குப் பிறகு பால் மட்டும் ஏன் போதாது என்றால், பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து அதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பாலில் அது குறைவு. உடம்பின் தேவையும் ஏறுகிறது. பால் போக வெளியிலிருந்து 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 200 கலோரி, ஒரு வயதுக்குள் 300, ஒரு வயதுக்கு மேல் 550 வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே பிள்ளையும் சாப்பிடலாம், காரம் மட்டும் குறைத்து.

என் கதையை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நானே சவலை. எனக்கு 14 மாதம் இளையவன் என் தம்பி. அம்மா தம்பியைச் சுமந்தபோது எனக்குப் பால் நின்றது. புதுச்சேரி வீட்டில் எனக்குக் கொடுத்தது பூயி, அதாவது பிரெஞ்சுக்காரர்கள் மாவில் காய்ச்சும் குழந்தைக் கஞ்சி. அப்பா வேலை பார்த்த இடத்துப் பழக்கம். அதுவும் நல்ல கஞ்சிதான். ஆனால் அளவு யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை வயதில் நான் நடப்பதை விட்டுவிட்டேனாம். பிரசவத்துக்கு அம்மா வந்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். அம்மாச்சி என்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவன எங்கிட்ட விட்டுட்டுப் போ தாயி. ஆறு மாசத்துல ஆளாக்கித் தாறேன்" என்றாளாம்.

அம்மாச்சி செய்தது ஒன்றும் பெரிய வைத்தியமில்லை. எனக்கென்று ஒரு வெண்கலக் கிண்ணம் வாங்கினாள். வீட்டில் யாரும் சாப்பிடுவதற்கு முன்னால் அந்தக் கிண்ணம் நிறைய வேண்டும். குழைந்த சோறு, கடைந்த பருப்பு, மேலே நெய். மதியம் ரசஞ்சோறு. சாயங்காலம் பொட்டுக்கடலை மாவில் கருப்பட்டி. அந்தக் கிண்ணம் காலியான பிறகுதான் தாத்தாவுக்கே இலை போடுவாளாம். தாத்தா முதலில் கோபப்பட்டு, பிறகு பழகிவிட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காலத்தில் இது சாதாரணக் காரியமில்லை. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடையும் விளையாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைந்து முடித்து விரல் விரலாகப் பங்கு வைப்போம்: அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு, பாட்டிக்கு. நிஜ அடுப்படியிலும் பங்கு அந்த வரிசையில்தான் நடக்கும். ஆண்கள் முதலில், பிறகு பெரிய பிள்ளைகள், கடைசியில் வீட்டுப் பெண்கள். பால் மறந்த பிள்ளைக்குத் தனித் தட்டு கிடையாது. அது தாயின் தட்டில் கைபோட்டுத் தின்ன வேண்டும். தாய் கடைசியாக, மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறவள். அவள் தட்டில் என்ன இருக்குமோ அதில் பாதிதான் பிள்ளைக்கு. அவள் காட்டுக்கோ மில்லுக்கோ போய்விட்டால் அதுவும் இல்லை.

மில் என்றதும் ராஜபாளையத்துக்கு வரவேண்டும். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய பஞ்சாலைக்குப் பிறகு ஊரே ஆலை ஊராகிவிட்டது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு. பெண்கள் சம்பாதித்தார்கள், நல்லதுதான். ஆனால் 1961ம் வருஷத்துப் பேறுகாலச் சட்டம் கொடுத்த விடுப்பு 12 வாரம். அதிலும் 6 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்போது தாய் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். சட்டத்தின் நாட்காட்டியும் குழந்தையின் நாட்காட்டியும் ஒத்துப்போகவில்லை. 2017ல்தான் 26 வாரம் ஆனது. தமிழக அரசு ஊழியைகளுக்கு 2021 முதல் 12 மாதம். எங்கள் காலத்துப் பெண் எழுத்தர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். விசைத்தறியிலும் தீப்பெட்டி வேலையிலும் இருப்பவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

அந்த இடைவெளியில் நுழைந்தது டப்பா பால். 1867ல் ஸ்விட்சர்லாந்தின் வெவேயில் ஹென்றி நெஸ்லே பால்மாவு செய்ததில் தொடங்கிய வியாபாரம். நம் நாட்டில் எருமைப் பாலில் குழந்தை உணவு செய்ய முடியாது என்றார்கள். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் 1950களில் வழி கண்டுபிடித்தது. அமுல் டப்பா வந்தது. குண்டுக் குழந்தை படம் போட்ட டப்பா வீட்டு அலமாரியில் இருப்பது கௌரவம். விலை அதிகம் என்பதால் நாலு கரண்டி போடும் இடத்தில் இரண்டு கரண்டி. தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று பார்ப்பதில்லை. சங்கும் பாலாடையும் பரணுக்குப் போய், கழுவச் சிரமமான ரப்பர் போட்ட பாட்டில் வந்தது. சிசிலி வில்லியம்ஸ் 1939லேயே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கக் கூட்டத்தில், பாலும் கொலையும் என்ற தலைப்பில், பிஞ்சுக் குழந்தைக்கு டப்பா பாலை விற்பதைக் கொலை என்றே சொல்லவேண்டும் என்ற அளவில் பேசினார். உலக நாடுகள் விழிக்க 1981 ஆயிற்று. இந்தியாவில் 1992ல் சட்டம் வந்து விளம்பரம் நின்றது. மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைக்கு இப்போது பாலாடையைத்தான் எடுக்கிறார்கள். பரணில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி அரசாங்கக் கோப்புக்கு வருவோம். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலும் அது ஹைதராபாத்துக்கு மாறிய பின் அங்கும் வேலை பார்த்தவர். உலகம் முழுக்கப் புரதம் புரதம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் பிள்ளைகளுக்குக் குறைவது விசேஷப் புரத மாவு அல்ல, வீட்டுச் சாப்பாட்டிலேயே அளவு என்று சொன்னார். அவர்கள் சாப்பிடும் தானியமும் பருப்புமே கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் போதும் என்பது அவர் வாதம். அம்மாச்சியின் வெண்கலக் கிண்ணத்தை நான் நினைத்துக்கொண்டேன்.

1973ல் அமெரிக்க உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வின் அறிக்கை வந்தது. பால் மறக்கும் வயதுப் பிள்ளைகள்தான் மிக மோசம் என்று அதில் தெரிந்தது. ஆனால் நம் அரசாங்கத்தின் சோறு யாருக்குப் போயிற்று? காமராஜர் போட்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ல் தொடங்கிய சத்துணவு 2 வயதிலிருந்து. இரண்டும் மகத்தான காரியங்கள், அதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் தட்டு ஏந்தி வரிசையில் நிற்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அவை எட்டின. 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் நடுவில் இருப்பது வரிசையில் நிற்காது, மனுப் போடாது.

அந்த வயதைக் குறிவைத்து வந்ததுதான் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சோதனை பார்த்து, பிறகு 173 வட்டாரங்களுக்கு விரிந்தது. எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டமும் அதில் சேர்ந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1985ல் காமராசர் மாவட்டத்துக்குப் போனாலும் வேலை தொடர்ந்தது. நான் எழுத்தராக இருந்த பிரிவுக்கும் அதன் மாதாந்திரப் பட்டியல்கள் வரும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஏற்கெனவே பட்டியல்களுக்குக் குறைவில்லை. பிறகு சுவாரசியம் பிடித்துவிட்டது. 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள பிள்ளைகளை ஊரிலேயே ஒரு பெண் மாதாமாதம் எடைபோடுவாள். ஒல்லிப் பிள்ளையா குண்டுப் பிள்ளையா என்பது கேள்வியில்லை. போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் லட்டு. அரை கிலோ ஏறிவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். தாய்க்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள்.

பிள்ளையைத் தராசில் போட்டு வளர்க்கும் யோசனை புதிதல்ல. பாரிஸில் பியேர் புதேன் என்ற மருத்துவர் 1892லேயே தாய்மாரைக் குழந்தையோடு திரும்பத் திரும்ப வரவழைத்து எடைபோட்டார். ஆனால் பாரிஸ் மருத்துவமனைக்குப் பெண்கள் போனார்கள். இங்கே தராசு தெருவுக்கு வந்தது. கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. தினம் பார்க்கும் தாய்க்குப் பிள்ளை இளைப்பது தெரிவதில்லை. பிள்ளையை நிறுத்தால் கண்பட்டுவிடும் என்று முதலில் மறுத்த பெண்களே பின்னால் அட்டையில் கோடு ஏறியிருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கடுமையான சத்துக்குறைவு குறைந்தது என்று உலக வங்கியின் மதிப்பீடு சொன்னது. லட்டு எவ்வளவு, தராசு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் தராசுக்குத்தான் முக்கால் பங்கு கொடுப்பேன். லட்டு வீட்டுக்குப் போனால் அக்காவும் அண்ணனும் பங்குக்கு வந்துவிடுவார்கள் என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் இல்லாமலே நமக்குத் தெரியும்.

1990களின் இறுதியில் அந்தத் திட்டம் அங்கன்வாடியோடு கலந்துவிட்டது. இப்போது லட்டு இல்லை. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, வெல்லம் சேர்ந்த சத்துமாவுப் பொட்டலம். அரசு அதற்கு இணை உணவு என்று பெயர் வைத்திருக்கிறது. பாலுக்கு இணையாக, கூடவே போவது; நல்ல பெயர். ஆனால் பொட்டலம் சில வீடுகளில் பெரியவர்களுக்கு உருண்டையாகிறது, சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்கே போகிறது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 6 மாதம் முதல் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 11 பேருக்குத்தான் போதுமான வகையும் அளவும் உள்ள சாப்பாடு கிடைக்கிறது. வறுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. எங்கள் தெருவிலேயே வசதியான வீட்டில், ஒரு வயதுப் பிள்ளைக்கு மூன்று வேளையும் பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டுவதைப் பார்க்கிறேன். சோறு கொடுத்தால் தொண்டையில் சிக்குமாம்.

எங்கள் வீட்டு வெண்கலக் கிண்ணத்தில் நான், என் பிள்ளைகள், பேத்தி என்று மூன்று தலைமுறை சாப்பிட்டாயிற்று. விளிம்பில் ஒரு நசுங்கல். ஏறக்குறைய 150 மில்லி பிடிக்கிறது, அளந்து பார்த்தேன்.

சவலைக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் வழங்கியிருந்தால் எழுதுங்கள். தென்காசிப் பக்கமும் கோவில்பட்டிப் பக்கமும் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பால் மறந்த பிள்ளைக்கு முதலில் என்ன கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.